இலச்சினையும் உலைக்களமும்

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், மலர்க்குழுவின் முதற்கூட்டத்தில் எழுந்த ஒரு வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. இதுகாறும் இலச்சினை ஏதுமின்றி இயங்கிவந்த வட்டத்திற்கு இனி ஒன்று வேண்டும் என்று அன்பர்கள் விரும்பினர். யாழ் என்றார் ஒருவர். தாமரை என்றார் மற்றொருவர். ஓலைச்சுவடியின்மேல் சாய்ந்த எழுத்தாணி என்னும் கருத்தே இறுதியில் பலராலும் ஏற்கப்பட்டது. அப்போது மூத்த கவிஞர் ஒருவர், எழுத்தாணியைப் பிடித்தவரை நாம் அறிவோம், அதை அடித்துக் கொடுத்தவரை அறிவோமா என்று கேட்டார். கூட்டம் சிரித்துக் கலைந்தது. ஆனால் அவ்வினா என்னோடு பசுவந்தனை வரை பேருந்தில் உடன் வந்தது. இலச்சினை என்பது யாருக்கு உரியது? ஓர் ஊர் எந்த உழைப்பால் வாழ்கிறதோ, அந்த உழைப்பு அவ்வூரின் பொறியில் இடம்பெறுகிறதா? தமிழக வரலாற்றில் இவ்வினாவுக்கு என்ன விடை கிடைக்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெருப்புக்கோழியும் லாடமும்

ஒப்பீட்டிற்காக முதலில் ஒரு வெளிநாட்டு ஊரைக் காண்போம். ஆஸ்திரிய நாட்டின் ஸ்டைரியா மாநிலத்தில் லெயோபென் என்றொரு நகரம் உள்ளது. அதன் அருகில் 'எர்ட்ஸ்பெர்க்' எனப்படும் மலை நிற்கிறது. அப்பெயருக்குக் கனிமமலை என்று பொருள். பல நூற்றாண்டுகளாக இரும்புத்தாது வெட்டப்பட்டு, இன்றும் படிக்கட்டுகளாக வெட்டுண்டு காட்சி தரும் மலை அது. அம்மலையின் இரும்பை விற்கும் வணிகத்தால் வளர்ந்த நகரமே லெயோபென். 1849இல் அங்கு வந்து சேர்ந்த சுரங்கவியல் கல்விக்கூடம் இன்று பல்கலைக்கழகமாக விளங்குகிறது. நகரின் ஒரு பகுதியாகிய டோனாவிட்ஸில் எஃகாலை இயங்கி வருகிறது.

இந்நகரின் இலச்சினையில் இருப்பது ஒரு நெருப்புக்கோழி. அதன் அலகில் குதிரை லாடம் ஒன்று இருக்கிறது. பனிமலைகள் சூழ்ந்த அந்நாட்டிற்கும் ஆப்பிரிக்க வெயிலில் ஓடும் இப்பறவைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. நெருப்புக்கோழி இரும்பையும் விழுங்கிச் செரித்துவிடும் என்பது இடைக்கால ஐரோப்பியரின் நம்பிக்கை. ஆகவே அவர்கள் இரும்பைக் குறிக்க அப்பறவையைக் கொண்டனர். நம் மொழியிலோ அப்பறவையின் பெயரிலேயே நெருப்பு அமைந்துவிட்டது. கடல்கடந்த இரு மக்களும் ஒரே பறவையின் வயிற்றில் உலையைக் கண்டிருக்கின்றனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

மேலோட்டமாகக் காண்பவர், அந்நகரம் தன் தொழிலாளரைச் சிறப்பித்துவிட்டது என்பர். சற்றே கூர்ந்து நோக்கின், அப்பறவை இரும்பை உருக்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை. பிறர் அடித்துக் கொடுத்ததை வாயில் கவ்விக்கொண்டு நிற்கிறது. என் கருத்தில் அது வணிகனின் இரும்பு. எனினும், தன் சோறு எங்கிருந்து வருகிறது என்பதை அந்நகரம் தன் முத்திரையில் மறைக்கவில்லை. அந்த அளவுக்கு அது நேர்மையான இலச்சினை எனலாம்.

மூன்று பொறிகள்

இனி நம் நாட்டிற்கு வருவோம். மீன், புலி, வில் என்னும் மூன்றும் தமிழ் வேந்தரின் பொறிகள். இவற்றைக் கொடியிலும் காசிலும் முத்திரையிலும் மன்னர் பொறித்தனர். இமயத்திலும் பொறித்தனர் எனக் காப்பியம் பேசுகிறது. சோழர் செப்பேடுகளின் வளையத்தில் கோத்த முத்திரையைக் கண்டோர் இப்பொறிகளின் அரசியலை எளிதில் உணர்வர். அமர்ந்த புலியின் அருகே இரட்டைக் கயல்களும் வில்லும் காணப்படும். மேலே வெண்கொற்றக் குடையும் இருபுறமும் கவரிகளும் அமைந்திருக்கும். பாண்டியனின் மீனும் சேரனின் வில்லும் சோழனின் முத்திரைக்குள் அடைபட்டு நிற்கின்றன. வென்றவன் தோற்றவனின் பெயரைச் சொல்லாமல் சொல்லும் முறை இது.

இம்மூன்றனுள் வில் ஒன்றே மனிதன் கைசெய்த பொருள். அதுவும் போர்க்கருவி. நாட்டைத் தாங்கிய கலப்பையோ, தறியோ, சம்மட்டியோ எந்த வேந்தனின் பொறியிலும் இல்லை. விடுதலைக்குப் பின்னர், 1949இல், ஓவியர் ஆர். கிருஷ்ணராவ் வரைந்த நம் மாநில இலச்சினையில் கோபுரம் இடம்பெற்றது. கோபுரம் சிற்பியின் உழைப்பே; ஆயினும் நாம் அதில் காண்பது கோயிலை, உளியை அன்று.

இரும்பைப் பொறுத்தவரை இவ்வின்மை வியப்பளிக்கிறது. ஏனெனில் இரும்பில் நாம் எவர்க்கும் இளைத்தவர் அல்லர். நம் மாவட்டத்து ஆதிச்சநல்லூரில் 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரியா நிகழ்த்திய அகழாய்வில் இரும்புக் கருவிகள் மிகுதியாகக் கிடைத்தன. நொய்யற்கரைக் கொடுமணலில் இரும்பும் எஃகும் ஆக்கிய உலைகளின் எச்சங்கள் வெளிப்பட்டன. 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட 'இரும்பின் தொன்மை' என்னும் ஆய்வறிக்கை, நம் மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த மாதிரிகளின் அடிப்படையில் இரும்பின் காலத்தைக் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை கொண்டுசென்றது. அறிஞரிடையே இக்காலக் கணிப்பு குறித்த உரையாடல் தொடரும். ஆயினும் தாமிரபரணிக் கரையில் உலை மூட்டிய கைகள் மிகப் பழையவை என்பதில் ஐயமில்லை. இத்துணைத் தொன்மையான தொழிலுக்கு ஓர் இலச்சினை இல்லாமற்போனது ஏன்?

கொல்லரும் புலவரே

சங்கச் சமுதாயத்தில் கொல்லனின் நிலை தாழ்ந்ததாகத் தெரியவில்லை. பொன்முடியார் பாடிய புறப்பாட்டு ஒன்று (312), ஒரு மகனை உருவாக்கும் கடமையைத் தாய், தந்தை, கொல்லன், வேந்தன் என்று வரிசைப்படுத்துகிறது. இவ்வரிசையில் கொல்லன் வேந்தனுக்கு முன்னர் நிற்கிறான் என்பது ஊன்றி நோக்கத்தக்கது.

அதனினும் நமக்கு நெருக்கமான சான்று ஒன்றுண்டு. சங்கப் புலவர் பெயர்ப்பட்டியலில் மதுரைப் பெருங்கொல்லன், மதுரைக் கொல்லன் புல்லன், தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் என்னும் பெயர்களைக் காண்கிறோம். தங்கால் என்பது சிவகாசியை அடுத்த இன்றைய திருத்தங்கல் என்பர் அறிஞர். நம் வானம் பார்த்த பூமியின் வடவெல்லையில், பகலில் குறடும் இரவில் எழுத்தாணியும் பிடித்த ஒருவர் வாழ்ந்திருக்கிறார். தொழிற்பெயரைத் தம் பெயரின் முன் சூடிக்கொள்வதில் அப்புலவர்களுக்கோ, அவர் பாடல்களைத் தொகுத்தோர்க்கோ கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. அப்பெயர்களே அவர்களின் இலச்சினை எனலாம்.

பின்னர் நிலைமை மாறியது. சிலப்பதிகாரத்தில் கோவலன் கொலைக்குக் காரணமானவன் ஒரு பொற்கொல்லன். காப்பியத்திற்கு ஒரு வஞ்சகன் வேண்டும், அது குற்றமன்று. ஆனால் உரைபெறு கட்டுரை கூறும் செய்தி நம்மை நடுங்கச் செய்கிறது. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், நாட்டின் வறுமையும் நோயும் நீங்கக் கண்ணகிக்குப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டு விழாச் செய்தான் என்கிறது அது. ஒருவன் செய்த குற்றத்திற்கு ஆயிரவர் ஈடானார்கள். இது வரலாற்று நிகழ்ச்சியா, காப்பிய மரபா என்பது ஒருபுறம் இருக்கட்டும். இத்தகைய செய்தியை ஒரு சமுதாயம் மங்கலமாகச் சொல்லிவைத்தது என்பதே எண்ணிப் பார்க்கத்தக்கது. கொற்கையும் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது.

செருப்பும் சங்கும்

இலச்சினை என்பது அழகுக்காக வரையும் சித்திரம் என்று நாம் கருதுகிறோம். பண்டை நாளில் அது ஓர் உரிமை; 'விருது' என்பது அதன் பழைய பெயர்களுள் ஒன்று. கொடி, குடை, சங்கு, முரசு, பல்லக்கு ஆகியவற்றை யார் யார் கொள்ளலாம், யார் யார் கொள்ளலாகாது என்று வரையறுத்த ஊர்களில், கொல்லருக்கு எவை கிடைத்தன?

இதற்கு விடையாகக் கரூர்ப் பசுபதீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு உள்ளது. கோனேரிமேல்கொண்டான் என்னும் பெயரில் அரசன் ஒருவன், வெங்கால நாட்டுக் கன்மாளருக்குச் சில உரிமைகளை வழங்குகிறான். நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம். பேரிகை முதலியவற்றைக் கொட்டுவித்துக்கொள்ளலாம். வெளியே புறப்படும்போது காலில் செருப்பு அணியலாம். தம் வீட்டுச் சுவர்களுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். இவ்வளவே அவ்வாணை.

மாணவர்களுக்கு இக்கல்வெட்டைப் பாடம் நடத்தும்போதெல்லாம் நான் ஒரு கணம் நிற்பதுண்டு. வழங்கப்பட்டவற்றின் பட்டியல் இது; இதனைத் திருப்பிப் படித்தால் அதுவரை மறுக்கப்பட்டவற்றின் பட்டியல் ஆகிவிடுகிறது. அரண்மனைக் கதவுக்கு ஆணி அடித்தவன் தன் சுவருக்குச் சுண்ணச்சாந்து பூச அரசாணை வேண்டியிருந்தது. போர்க்குதிரைக்கு லாடம் செய்தவன் தன் காலுக்குச் செருப்பு அணிய அரசாணை வேண்டியிருந்தது. லெயோபென் நகரத்துப் பறவையின் அலகில் இருக்கும் லாடத்தை இக்கல்வெட்டின் அருகில் வைத்துப் பார்த்தால், இரு நாட்டு வரலாற்றின் வேறுபாடு விளங்கும். அங்கே இரும்பு இலச்சினையாயிற்று. இங்கே இரும்படிப்பவன் கால் மூடவே கல்வெட்டு வேண்டியதாயிற்று.

நேர்மை கருதி மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பாண்டியரின் வேள்விக்குடிச் செப்பேட்டைப் பொறித்த யுத்தகேசரிப் பெரும்பணைகாரனின் பெயர் அச்செப்பேட்டின் இறுதியில் இடம்பெற்றுள்ளது. அவனுக்கு மனையும் நிலமும் அளிக்கப்பட்ட செய்தியும் அதில் உண்டு. மன்னனின் புகழைச் செம்பில் வெட்டியவன் தன் பெயரையும் ஓரத்தில் வெட்டிக்கொள்ள இடம் கிடைத்தது. முழுதும் இருளாய் இருந்தது என்று சொல்வதற்கில்லை.

கல்லில் ஏறிய மேழி

வேந்தரின் பொறிகளில் இடம் பெறாத கருவிகள் வேறோரிடத்தில் இடம் பெற்றன. இதனை நம்மவர் பலர் அறிந்திலர் என்பதால் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன்.

சோழர் காலத்திலும் அதன் பின்னரும் உழவர் பெருங்குழு ஒன்று தமிழகத்தில் ஓங்கி நின்றது. சித்திரமேழிப் பெரியநாட்டார் என்பது அதன் பெயர். மேழி என்பது கலப்பை. தம்மை நிலமகளின் மக்கள் என்று சொல்லிக்கொண்ட இக்குழுவினர், அரசனின் புலியையோ மீனையோ கடன் வாங்கவில்லை. தாம் நாள்தோறும் பிடித்த கலப்பையையே தம் சின்னமாக்கினர். கல்வெட்டுகளின் தலைப்பில் அது செதுக்கப்பட்டது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினரின் கற்களில் வாள், குடை, விளக்கு, ஏர் போன்ற உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. இத்தகைய கற்கள் தமிழகத்தில் மட்டுமன்றி ஈழத்திலும் கிடைத்துள்ளன. தமிழகத்தில் தொழிற்கருவிகளால் ஆன இலச்சினை எது என்று எவரேனும் கேட்டால் நாம் சுட்டிக்காட்ட வேண்டியவை இவையே.

சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையில் உள்ள கல்வெட்டு இவ்வகையில் சிறப்புடையது. வணிகப் பொருள்களின்மேல் கோயிலுக்கு வைத்த மகமையைக் கூறும் அக்கல்வெட்டில் உப்பு, நெல், மிளகு, பருத்தி, நூல் ஆகியவற்றோடு இரும்பும் இடம்பெறுகிறது. பொதிமாடுகளில் இரும்பு ஊர் ஊராகச் சென்றது. அதன்மேல் கணக்கு எழுதப்பட்டது. ஆனால் அக்கணக்கு வணிகர் வைத்த கணக்கு. லெயோபென் பறவையைப் பற்றி நான் முன்னர்ச் சொன்னது இங்கும் பொருந்தும். உழவர் தம் மேழியைத் தாமே கல்லில் ஏற்றினர். வணிகர் தம் பையையும் வாளையும் ஏற்றினர். மேழியின் முனையில் கொழு அடித்தவன் மட்டும் கல்லின் கீழே, உளியைத் தீட்டிக் கொடுத்துக்கொண்டு நின்றான்.

கரிசலின் உலை

என் இளமையில் பசுவந்தனைப் பகுதியில் கொல்லம்பட்டறை இல்லாத பெரிய ஊர் இல்லை. கைலாசநாதர் கோயில் தெப்பக்குளத்தைத் தாண்டி நாங்கள் பள்ளிக்கு நடக்கும்போது துருத்தியின் பெருமூச்சு கேட்கும். புரட்டாசி விதைப்புக்கு முன்பாக ஆடி, ஆவணி மாதங்களில் தேய்ந்த கொழுக்களைக் கொண்டுவந்து உழவர்கள் வரிசையில் வைத்திருப்பர். கரிசல் மண் ஈரத்தில் இறுகப் பிடிக்கும். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். இரண்டு நிலையிலும் கொழுவைத் தின்னும் மண் அது. "ஆசாரி தாத்தா, எங்க ஐயா கொழு ஆயிருச்சா?" என்று கேட்டு நிற்பேன். "பொறி படும் தாயி, தள்ளி நில்லு" என்பார் அவர்.

அந்தச் சொல்லைப் பிற்காலத்தில் அகராதியில் கண்டபோது திடுக்கிட்டேன். பொறி என்றால் தீப்பொறி. பொறி என்றாலே இலச்சினையும். புலிப்பொறியும் தீப்பொறியும் ஒரே சொல்லில் அடங்கியிருக்கின்றன. உலையிலிருந்து தெறிப்பதும் முத்திரையில் பதிவதும் ஒன்றே என்பதை மொழி அறிந்திருக்கிறது, வரலாறுதான் பிரித்துவைத்தது.

அவருக்கு நாங்கள் கூலியாகப் பணம் கொடுத்ததாக நினைவில்லை. களத்தில் கம்பும் சோளமும் அளக்கும்போது அவர் பங்கு தனியே அளந்து வைக்கப்படும். அதற்குச் 'சுதந்திரம்' என்று பெயர். ஊர்த்தொழிலாளிக்குக் களத்தில் உரிய பங்கைக் குறித்த அச்சொல் பின்னர் நாட்டு விடுதலையையும் குறிக்கலாயிற்று. இச்சொல்லின் வரலாற்றைக் கவிஞர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

இவ்வூர்களின் உலைக்களங்கள் ஒருகாலத்தில் வேறு பொருள்களையும் செய்தன. இங்கிருந்து தொலைவில் இல்லை பாஞ்சாலங்குறிச்சி. 1799 அக்டோபரில் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். ஊமைத்துரை மீண்டும் எழுப்பிய கோட்டை 1801 மே மாதம் வீழ்ந்தது. கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது, ஊரின் பெயரும் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் கும்பினி அரசு மக்கள் படைக்கலம் வைத்திருப்பதைத் தடைசெய்து அறிக்கை வெளியிட்டது. வேலும் ஈட்டியும் வடித்த உலைகளில் அதன்பின் கொழுவும் அரிவாளும் வண்டிப்பட்டையுமே எஞ்சியிருக்க வேண்டும். பாளையக்காரர்களைப் பற்றிய கதைப்பாடல்கள் வீரரின் பெயர்களைப் போற்றிக் காத்தன. அவ்வீரர் கையில் வேல் கொடுத்தவனின் பெயரை நான் எங்கும் கேட்டதில்லை.

தீப்பெட்டியின் முகம்

நம் வட்டாரத்திற்கு இக்காலத்து இலச்சினை ஒன்று உண்டு என்றால் அது தீப்பெட்டியின் மேல்தாளே. மழை பொய்த்த கரிசலில், 1920களில் சிவகாசியில் காலூன்றிய இத்தொழில் சாத்தூர், கோவில்பட்டி என்று பரவி ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பை எரியச் செய்தது. விலங்குகளும் பறவைகளும் மலர்களும் வீட்டுப் பொருள்களும் அதன் முகத்தில் அச்சேறின. கோவில்பட்டியின் பொறி இந்தியா முழுதும் சட்டைப்பைகளில் பயணம் செய்தது. வேந்தரின் பொறி இமயத்தை எட்டியதோ இல்லையோ, இப்பொறி உறுதியாக எட்டியிருக்கும்.

சிறுமியாய் இருந்தபோது நான் சேர்த்த மேல்தாள்கள் இன்னும் ஒரு பழைய பெட்டியில் இருக்கின்றன. அண்மையில் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். கட்டை அடுக்கும் கையும், பெட்டி ஒட்டும் விரலும் ஒன்றில்கூட இல்லை. அக்கைகளுள் பல என் வயதுச் சிறுமிகளின் கைகளாய் இருந்தன. விளக்கெரியப் படித்த என்னோடு அவர்களில் சிலர் ஐந்தாம் வகுப்புக்குப் பின் வரவில்லை. பழைய முத்திரைகளில் இல்லாதவர்கள் புதிய முத்திரையிலும் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

நிறைவாக

மேற்கூறியவற்றால் பெறப்படும் கருத்து இதுவே. இலச்சினை என்பது ஒரு குழு தன்னை யாரென்று அறிவிக்கும் ஒற்றைச் சொல். அச்சொல்லைச் சொல்லும் உரிமை நம் நாட்டில் நெடுங்காலம் வேந்தரிடமும் பின்னர் வணிகரிடமும் இருந்தது. உழவர் ஒருகால் தம் மேழியைக் கல்லில் ஏற்றி அதனைப் பெற்றனர். கொல்லர் பெற்றது சங்கும் செருப்பும் சாந்தும். அவர்தம் தொழில் நம் மண்ணின் மிகப் பழைய பெருமை என்று இன்று அறிக்கைகள் பேசுகின்றன. பெருமை இரும்புக்குக் கிடைத்துவிட்டது. இரும்படித்தவர்க்குக் கிடைத்ததா என்று கேட்கும் கடமை எழுதுவோரைச் சாரும்.

நம் வட்டம் தேர்ந்துகொண்ட எழுத்தாணி இரும்பால் ஆனது. ஒரு கொல்லன் உலையில் காய்ச்சி, அடைகல்லில் வைத்து, ஓலை கிழியாமல் எழுத்துப் பதியுமாறு முனை கூர்மைப்படுத்திக் கொடுத்தது. ஏட்டில் நமக்குக் கிடைத்த தமிழ் முழுவதும் அம்முனை வழியாகவே வந்தது. தங்கால் வெண்ணாகனார் இருந்திருந்தால் தம் கருவியைத் தாமே அடித்துக்கொண்டிருக்கக் கூடும்.

ஆதலின் மலர்க்குழுவினர்க்கு ஒரு வேண்டுகோள். ஓவியர் இலச்சினையை இன்னும் முடிக்கவில்லை என்று அறிகிறேன். ஓலையின்மேல் சாயும் எழுத்தாணியின் அடியில் ஓர் அடைகல்லையும் வரையச் சொல்லுங்கள். இடம் போதாது என்று அவர் சொன்னால், ஓலையைச் சற்றே சிறிதாக்கலாம்.